பெருக்கல் குறி போட்ட இடம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு தேர்தல் கையேட்டின் மிச்சம். வழக்கறிஞராக இருந்து சட்டமன்ற உறுப்பினரான சந்திரிகாவின் வாழ்க்கையைப் பன்னிரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லி அவருடைய ஆட்கள் கேட்டார்கள். எழுதினேன். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தது, கோலசிலாங்கூர் கடைவீட்டு மாடியில் அலுவலகம் திறந்தது, தோட்டத்து மக்களின் வழக்கை நடத்தியது, தேர்தலில் வென்றது. எதுவும் பொய்யில்லை. ஆனால் ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தியை எழுதாமல் தாண்டிப் போனேன். அந்தப் பத்திதான் இது.

2

தொடக்கம் ஒன்று: "நாற்பத்தொரு குடும்பங்களுக்கு வீடு வாங்கித் தந்த வீரப்பெண்…" (கையேட்டு நடை. அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "நாற்பத்தொரு குடும்பங்களை விற்று நாற்காலியில் ஏறிய—" (காப்பிக்கடை நடை. இதையும் அடித்துவிட்டேன். அடிக்கும்போது கை கொஞ்சம் இழுத்தது.)

தொடக்கம் மூன்று: நாகமணி பத்திரிகைக் கட்டையும் குங்குமச் சிமிழையும் எடுத்துக்கொண்டு பி புளோக் மாடிப்படி ஏறினார்.

இது இருக்கட்டும்.

3

வழக்கம்போல் லிஃப்ட் ஓடவில்லை. நாகமணிக்கு அறுபது வயது நெருங்குகிறது. முப்பது வருடம் செம்பனைக்கு உரம் போட்டுத் தேய்ந்த முழங்கால். மகள் துளசிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பத்திரிகையைக் கையில் கொடுத்து, குங்குமம் நீட்டி, வாயால் அழைத்தால்தான் லயத்து ஆட்களுக்கு அது அழைப்பு. போனில் அனுப்பினால் மதிக்கவில்லை என்று அர்த்தம்.

நான்காம் மாடியில் கம்பிக் கதவைத் தட்டினார். உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"யாரு?"

"நான்தான், நாகமணி. துளசி கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தேன்."

தொலைக்காட்சிச் சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை. நாகமணி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அப்படித்தான். மகன் கல்யாணத்துக்கு இந்த நாற்பத்தொரு வீட்டிலிருந்து வந்தவர்கள் ஆறே பேர். சமைத்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று அவர் அழுததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். துளசி பார்த்திருக்கிறாள்.

(ஆறு பேர் என்பது நாகமணி சொன்ன கணக்கு. நான் சரிபார்க்கவில்லை. இந்தக் கதையில் யாரையும் முழுசாக நம்பும் நிலையில் நான் இல்லை.)

4

எட்டு வருடங்களுக்கு முன்பு தோட்டம் கைமாறியது. எந்தத் தோட்டம் என்று சொல்லமாட்டேன், புக்கிட் பெலிம்பிங் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லயத்து மக்கள் அதே மண்ணில் தரைவீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். சந்திரிகாதான் லோயர். வீடு வீடாகக் கோப்பைத் தூக்கிப் போய்க் கையெழுத்து வாங்கியது நாகமணி.

தோட்டத்தில் கையெழுத்துக்கு ஒரு முறை உண்டு. தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி காலத்திலிருந்து வருவது. நீட்டுகிறவர் பென்சிலால் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். அந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் நீட்டுகிறவரை நம்பவில்லை என்றாகிவிடும்.

ஆளுக்கு இரண்டு தாள். இரண்டாவது தாள் வெறும் தாள் என்கிறார் நாகமணி.

"லோயரம்மாதான் சொன்னாங்க தம்பி. திரும்பத் திரும்ப வேலைய விட்டுட்டு டவுனுக்கு வர வேணாம், ஒன்னு சும்மா இருக்கட்டும்னு. நான்தான் எல்லாரையும் போடச் சொன்னேன். என் மூஞ்சிக்காகத்தான் போட்டாங்க."

அடுத்த வருடம் ஒரு சம்மதக் கடிதம் வந்தது. வழக்கை வாபஸ் வாங்குகிறோம், தரைவீட்டுக்குப் பதில் அடுக்குமாடி போதும். கீழே நாற்பத்தொரு பேர் கையெழுத்து. அதற்கு ஆறு மாதம் கழித்து சந்திரிகா வேட்பாளர். நாகமணி விற்றுவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. லோயரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அவர் தேவைப்படுவார்.

5

அந்தக் கடிதத்தின் நகலை நான் பார்த்தேன். முதல் பத்திகளில் வரிகள் தாராளமாக இருக்கின்றன. கீழே வர வர நெருங்குகின்றன. கடைசி மூன்று வரிகள் கையெழுத்தை இடிக்காமல் ஒண்டிக்கொண்டு நிற்கின்றன. எழுத்து முதலில் வந்ததா, கையெழுத்து முதலில் வந்ததா?

கையேடு கொடுக்கப் போன அன்று சந்திரிகாவிடமே கேட்டேன்.

"தேவன், அது ஒரே பக்கத்துல வரணும்னு என் கிளார்க் நெருக்கி அடிச்சது லா. கோயில் மண்டபத்துல தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன். கேஸ் தோத்திருந்தா ரோட்டுலதான் நின்னிருப்பாங்க. அது யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

பதில் சரியாகத்தான் இருந்தது. தயாராகவும் இருந்தது. பிறகு அவர், "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

(என் மனைவி இந்த மண்ணில் பிறந்தும் இருபத்தாறு வருடம் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர். அதை நீலமாக்கிக் கொடுத்தவர் சந்திரிகா. ஐந்து காசு வாங்கவில்லை. இனி நான் சொல்வதை எல்லாம் இதையும் சேர்த்துப் படியுங்கள்.)

6

முடிவு அ: சந்திரிகா கல்யாண மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோர் முன்னிலையிலும்— (எந்த அரசியல்வாதி செய்வார்?)

முடிவு ஆ: நாகமணிக்குத்தான் ஞாபகம் பிசகியிருக்கிறது. அந்தத் தாளில் எழுத்து இருந்தது, அவர்— (எனக்கு வசதியான முடிவு. அதனால் வேண்டாம்.)

7

இதுவரை எழுதியதை நேற்று நாகமணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாகமணின்னா யாரு தம்பி?"

"நீங்கதான் அக்கா. பாதுகாப்புக்காகப் பேரை மாத்தியிருக்கேன். வைபி சந்திரிகா பேரும் மாத்தினதுதான்."

"யாரோட பாதுகாப்புக்கு?"

நான் அடுத்த பத்தியை வாசிக்கப் போனேன். அவர் விடவில்லை.

"பேரை மாத்துனா வெறும் கதைதானே. படிச்சிட்டு, பாவம் யாரோன்னு போயிருவாங்க. என் பேரப் போடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த நாப்பத்தொரு வீட்டு ஆளுங்க படிக்கணும்."

பெயரைத் தட்டச்சு செய்தேன். அதைப் பார்த்தால் வைபி யார் என்று மாவட்டத்துக்கே தெரியும். மனைவி அடுப்படியில் இருந்தார். அழித்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்தரைக்குத் தாலி கட்டு. இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியிருக்கிறார். நீங்கள் அந்த நாற்பத்தொரு வீட்டில் ஒருவர் என்றால், இது யார் கதை என்று இந்நேரம் தெரிந்திருக்கும். போவதா வேண்டாமா என்பதை நான் எழுத முடியாது.

நான் போவேன். வைபியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே நுழையும்போது முதலில் எழுந்து நிற்பது நானாகத்தான் இருக்கும்.