ஓட்டை போடக்கூடாத கூரை

விடிவதற்குள் நாங்கள் கூரைமேல் இருந்தோம். சிங்கப்பூர் சாங்கியில் ஒரு சரக்குக் கிடங்கின் தட்டைக் கூரை. கீழே லாரிகள் வருவதற்குள் ரப்பர் சுருள்களை விரித்தாக வேண்டும். ஒவ்வொரு சுருளையும் நாலு பேர் முழங்காலால் முட்டித் தள்ளினோம். கறுப்பு ஷீட் விரிய விரிய அதன் வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியது. சுருக்கம் தளரும்வரை அதைச் சும்மா கிடக்கவிட வேண்டும். ஷீட் ஓய்வெடுத்தால்தான் எங்களுக்கும் ஓய்வு, தேநீர். பிறகு கூரையிலும் ஷீட்டின் அடியிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் இரண்டையும் சேர்ப்போம். வெயில் ஏறினால் பசை நெடியில் தலை கிறுகிறுக்கும்.

முதலாளி ரஞ்சன் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும். கட்டடக்காரர்களிடம் ரப்பர் கூரையின் பெருமையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். "தார் மாதிரி வெயில்ல வெடிக்காது. நெருப்பு வச்சு ஒட்ட வேணாம். பில்டிங் அசைஞ்சா கூடவே இழுத்துக்கும். ஜாயிண்ட் கம்மி, லீக் ஆக வழியே இல்ல லா. இருபது வருஷம் கேரண்டி." அத்தனையும் உண்மை. நல்ல கூரைதான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

கோபம் வேறு. எங்கள் இடுப்பில் பெல்ட் உண்டு, பெல்ட்டில் கயிறு, கயிற்று நுனியில் கொக்கி. தினமும் காலையில் ரஞ்சன் எங்களை வரிசையாக நிற்கவைத்து, பாதுகாப்புக் கணக்குக்காகப் படம் எடுத்துக்கொள்வார். கொக்கியை மாட்டத்தான் இடமில்லை. மாட்ட வளையம் வேண்டும், வளையம் பதிக்கக் கூரையில் துளை போட வேண்டும். "ஒரு ஓட்ட விழுந்தாலும் கேரண்டி போச்சு" என்பார். துளை போடாமல், கனத்த இரும்புக் கட்டைகளை வைத்து அதில் கயிறு கட்டும் முறையும் இருக்கிறது. எங்களில் மூத்தவரான மருதப்பன் அண்ணன் அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். "ஏத்துறதுக்கு கிரேன் வேணும். அடுத்த வேலைக்குப் பாப்போம்" என்பதுதான் பதில். கூரைக்கு இருபது ஆண்டு உத்தரவாதம். எங்களுக்கு அன்று மாலைவரைகூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை, மழைக்கு முன்னால் வருகிற காற்று திடீரென்று அடித்தது. ஒட்டாத ஷீட் எழும்பியது. காற்று தூக்கினால் ஷீட்மேல் விழுந்து படுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். கிழிந்தால் ரஞ்சன் உயிரை எடுத்துவிடுவார். எங்களோடு வேலை செய்த ரமீஸும் அப்படித்தான் விழுந்து படுத்தான். அவன் நின்றது கூரையின் ஓரத்தில். மடித்து ஒட்டுவதற்காக அங்கே ஷீட்டை வெளியே கொஞ்சம் நீட்டி விட்டிருப்போம். அவன் படுத்த இடத்தில் ஷீட் இருந்தது, அடியில் கூரை இல்லை.

கீழே சரக்கு இறக்கும் இடத்தின் தகரப் பந்தலில் விழுந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் போனபிறகு ரஞ்சன் மேலே வந்து, முதலில் ஷீட்டைத் தடவிப் பார்த்தார். அதைச் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"யாரு அவன அங்க போய்ப் படுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல பாஸ். உங்க ஷீட்டக் காப்பாத்தத்தான் படுத்தான்" என்றார் மருதப்பன்.

"இங்க பாருங்க. யாராச்சும் கேட்டா, கீழ ஏணியிலேருந்து வழுக்கிட்டான்னு சொல்லணும். மண்டே மேல வேல நடக்கணும். புடிக்காதவங்களுக்கு ஒர்க் பெர்மிட் கேன்சல், ஊருக்கு டிக்கெட்."

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ரமீஸைப் பார்த்துவிட்டு ஃபேரர் பார்க் திடலுக்கு வந்தோம். புல்வெளி முழுக்க எங்களைப் போன்றவர்கள், பொட்டலச் சோறும் போனுமாக. எங்களால் சாப்பிட முடியவில்லை. கட்டிலில் கிடந்த ரமீஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஷீட் கிழியலையேண்ணே?"

மருதப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கயிறு கட்ட இரும்புக் கட்ட வர்றவரைக்கும் ஏற வேணாம்டா. நடந்தத நடந்தபடி சொல்லுவோம்."

"ஊருக்கு அனுப்பிட்டா?" என்று கேட்டேன்.

"அனுப்பிட்டா போறதுதான். வேற என்ன பண்ண?"

அவருக்கும் பயம்தான். யாருக்கும் வீரம் பொங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் தலையாட்டினோம்.

திங்கள் காலை மாடிப்படி அடியில் உட்கார்ந்துவிட்டோம். ரஞ்சன் கத்தவில்லை. போனை எடுத்துப் பேசினார். கொஞ்ச நேரத்தில் வேறொரு லாரி வந்து நின்றது. வங்காளதேசத்து ஆட்கள், இடுப்பில் அதே பெல்ட்.

"பாத்தீங்களா? உங்கள நம்பி நான் இல்ல லா."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவர்கள் எங்களைத் தாண்டிப் படியேறினார்கள். நாங்கள் தடுக்கவில்லை, அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. ஒருவன் மட்டும் நின்றான். ஸைஃப் என்று பிறகு தெரிந்தது. தமிழர்களோடு வேலை செய்து பழகிய தமிழில் கேட்டான்: "அண்ணே, ஏன் கீழ உக்காந்து?"

மருதப்பன் தகரப் பந்தலில் விழுந்திருந்த பள்ளத்தைக் காட்டினார். "நம்ம ஆளு விழுந்த எடம். மேல கொக்கி மாட்ட வழியில்ல."

ஸைஃப் பள்ளத்தையே பார்த்தான். பிறகு படிக்கட்டைப் பார்த்து அவன் மொழியில் உரக்க ஏதோ சொன்னான். மேலே காலடிச் சத்தம் நின்றது. சற்றுக் கழித்து மறுபடி கேட்டது, இறங்கி வருகிற சத்தமாக.

ரஞ்சன் திரும்பவும் போனைக் காதில் வைத்தார். மூன்றாவது லாரி வரலாம். எங்கள் பெர்மிட்டும் போகலாம். ஸைஃப் என் தோளைத் தொட்டு, "தள்ளி உக்காரு அண்ணே, இன்னும் ஆள் வருது" என்றான். நாங்கள் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டோம்.