மான் கல்லின் துளை

காலை பத்து மணி வாக்கில் பசிலியாவின் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணிமேல் கிடக்கும் ஒரு ஜேட், பச்சைக் கல். கட்டைவிரல் நீள மான், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மான். இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு.

அந்த வெட்டு அவள் போட்டது. கடைக்குச் செய்யும் எதிலும் அதை அவள் வைப்பதில்லை. பதினெட்டு வருஷமாக ஆந்திகுவா நகரத்துப் பட்டறையில் மான் செதுக்குகிறாள். காதில் வெட்டு வைத்தது இரண்டே இரண்டுக்குத்தான். ஒன்று அவள் மகன் நேரிக்கு, இன்னொன்று எதிர்வீட்டு நிக்கோலாசாவின் மகன் எல்மருக்கு.

படத்துக்குக் கீழே இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். வடக்கே, எல்லைக்கு அப்பால் பாலைவனத்து ஊர் ஒன்றில் எலும்புகளுக்குப் பெயர் தேடிக் கொடுக்கிற அலுவலகம் அது. எடுத்த பெண் ரொம்பப் பதமாகப் பேசினாள். கிடைத்தது ஒரே ஒருவர்தான் என்றாள். துணி மக்கிவிட்டது, காகிதம் எதுவும் இல்லை, கழுத்தெலும்புப் பக்கத்தில் இந்தக் கல் மட்டும் இருந்தது. தாயின் எச்சிலைத் தொட்டெடுத்து அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள், ஆறு மாதம் ஆகும்.

பசிலியா ஒன்றே ஒன்று கேட்டாள். மானின் முதுகில் நூல் கோர்க்கும் துளை இருக்கிறதே, அதைப் பக்கவாட்டில் கிட்டே வைத்து ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? மதியத்துக்குள் அனுப்புவதாக அந்தப் பெண் சொன்னாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நேரியும் எல்மரும் ஒரே நாளில், ஒரே மருத்துவச்சியின் கையில், எதிரெதிர் வீட்டில் பிறந்தவர்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலங்கு வைக்கிற முன்னோர்களின் பழைய நாள்கணக்கில் அது மானுக்குரிய நாள். கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு விளையாட்டு. பிறந்த தேதியைச் சொன்னால் கடைப்பெண் கம்ப்யூட்டரைத் தட்டி உங்களுக்குக் குரங்கு, உங்களுக்கு நாய் என்று கல்லை எடுத்துக் கொடுப்பாள். நாய் வந்தவர்களுக்கு முகம் கொஞ்சம் வாடும். ஊரில் அப்படியில்லை. பிறந்த நாளின் உயிர் கூடவே நடக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறார்கள். பாதிரியாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அவர்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் கொடுத்தார். எல்மருக்குப் பசிலியா ஞானத்தாய், நேரிக்கு நிக்கோலாசா ஞானத்தாய்.

பத்தொன்பது வயதில் இரண்டு பேரும் எல்லை தாண்டி வடக்கே வேலைக்குப் போகிறோம் என்று கிளம்பினார்கள். ஆளுக்கொரு மான் செதுக்கித் தருகிறேன் என்றாள் பசிலியா. சும்மா இல்லை, முன்னோர்கள் துளைத்த மாதிரி கையாலேயே துளைத்து. நாணல் தண்டும் கல்பொடியும் தண்ணீரும் வைத்து, ஒரு பக்கத்திலிருந்து பாதி, மறுபக்கத்திலிருந்து பாதி. வாய் இரண்டும் அகன்று நடுவில் சிறுத்து, உடுக்கை மாதிரி இருக்கும் அந்தத் துளை. அப்படித் துளைத்தால்தான் கல் மூச்சுவிடும், மூச்சுவிடுகிற கல்தான் போட்டவனைக் காப்பாற்றும் என்பது பட்டறைக்காரர்களின் பேச்சு. மிஷினில் போட்ட துளை ஈர்க்குச்சி குத்தினதுபோல நேராக இருக்கும். அது கடைக்கு.

முதல் மானின் துளைக்கே எட்டு நாள் பிடித்தது. அதற்குள், எல்லை தாண்டிக் கூட்டிப்போகிற தரகன், முன்கூட்டியே வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். இரண்டாவதை மிஷினில் கொடுத்துத் துளைத்தாள். அதுவரைக்கும் தப்பில்லை. நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். இல்லை, நல்ல கல்லை ஞானப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தன் பிள்ளைக்கு மற்றதைக் கட்டியிருக்கலாம். ஞானஸ்நானத்தன்று கோவிலில் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, எல்மரைத் தன் பிள்ளைபோலப் பார்ப்பேன் என்று சொன்ன வார்த்தைக்கு அதுதான் பொருத்தம். அவள் இரண்டும் செய்யவில்லை. இரண்டும் என் கையால் துளைத்தது, எனக்கு இருவரும் ஒன்று என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, நல்லதைத் தன் மகன் கழுத்தில் கட்டினாள். நிக்கோலாசா அழுது அவள் கையை முத்தமிட்டாள். அந்த முத்தம் இரண்டு வருஷமாகப் பசிலியாவின் கையில் உறுத்திக்கொண்டிருக்கிறது. பையன்களிடமிருந்தோ, எல்லை தொடுவதற்கு முந்தின நாள் வந்த ஒரு போனுக்குப் பிறகு எந்தச் சேதியும் இல்லை. கல்லின் அடையாளத்தைச் சொல்லி, காணாமல்போனவர்கள் என்று இருவரையும் அந்த அலுவலகத்தில் பதிந்துவைத்திருந்தார்கள்.

சேதி கேட்டு நிக்கோலாசா சந்தையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டாள். அங்கே விற்கிற சோளக்கஞ்சிப் பானையைக்கூட யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தாள். முதலாளி மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவரும் வெளியே போனார். இரண்டு பேரும் கல் அறுக்கும் மிஷினுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வாள்மேல் விழுகிற தண்ணீர்க் குழாயை யாரும் மூடவில்லை. அது பாட்டுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நிக்கோலாசா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்குப் படம் வந்தது.

துளை நேராக இருந்தது.

சுத்தமான, சின்ன வட்டம். மிஷின் துளை. பசிலியாவின் நெஞ்சுக்குள் முதலில் வந்தது சந்தோஷம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? என் பிள்ளை இல்லை, என் பிள்ளை இல்லை என்று அது குதித்தது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அதற்குப் பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது.

நிக்கோலாசாவும் படத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் ஜெபமாலை நின்றது. தாய் மனசுக்குத் தெரிந்துவிட்டது என்று பசிலியா நினைத்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். ஆறு மாதம் கழித்துச் சோதனை சொல்லட்டும். அதுவரை இவளுக்கும் ஒரு நம்பிக்கை இருக்கும், தன் பொய்யும் வெளியே வராது. ஆனால் நிக்கோலாசாவின் கை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு முத்தமிட்ட அதே கையை. அதற்குமேல் தாங்கவில்லை.

“நிக்கோ, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொன்னப்புறம் நீ என்னைக் காறித் துப்பினாலும் சரி. அன்னிக்கு ரெண்டும் கையால தொளைச்சதுன்னு சொன்னேன்ல, அது பொய்டி. ஒண்ணுதான் கையால. எல்மருக்குக் குடுத்தது மிஷின்ல போட்டது. இந்தப் படத்துல இருக்கறது...” கைபேசியை நிக்கோலாசா பக்கம் திருப்பினாள். “இது அவனோடதுடி.”

நிக்கோலாசா அழவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

“எனக்குத் தெரியும்க்கா” என்றாள்.

“என்ன தெரியும்?”

“ஒண்ணு மிஷின்ல போட்டதுன்னு. ரெண்டு வருஷமாத் தெரியும்.”

பசிலியாவுக்குப் புரியவில்லை. கோபப்படாமல் உட்கார்ந்திருக்கிற அந்த முகம்தான் அவளை முதலில் பயமுறுத்தியது. யார் சொன்னது என்று கேட்டாள்.

“நேரிதான். உங்கூடப் பட்டறையில வளந்த புள்ளையாச்சே, தொளையப் பாத்தா அவனுக்குத் தெரியாதா? பஸ்ஸுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தான். தன் கழுத்துல இருந்ததக் கழட்டி எல்மருக்குப் போட்டுவிட்டான். எல்மரோடத அவன் வாங்கிக் கட்டிக்கிட்டான். வேணாம்டா, உங்கம்மா உனக்குன்னு செஞ்சதுன்னு நானும் சொன்னேன், கேக்கல. ‘எங்கம்மா பண்ணது தப்பு சித்தி. ஆனா அவகிட்ட சொல்லிடாதீங்க, ரொம்ப வெக்கப்படுவா’ன்னான்.”

பசிலியா கைபேசியைப் பார்த்தாள். வெளிச்சம் அணைந்திருந்தது. விரலால் தொட்டதும் அந்தத் துளை மறுபடி வந்தது.

“அப்போ எல்மர்?” என்றாள், வேறு எதையும் கேட்கத் தெரியாமல்.

“தெரியலக்கா. கிடைச்சது ஒருத்தன்தானாமே.”

நிக்கோலாசா எழுந்துபோய் தண்ணீர்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து பசிலியாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பசிலியாவின் கண் மேஜைமேல் இருந்த துளை போடும் மிஷின்மேலேயே இருந்தது. அந்தத் துளையைப் போட அன்றைக்கு அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.