ஒற்றை அறையும் ஒரு கதவும்

1

இந்தக் கதையை ஒரு விளம்பரத்திலிருந்து திருடினேன். நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு வீட்டுத் தரகரின் கடைவாசல். கண்ணாடியில் ஒட்டியிருந்தது: புதுப்பித்த ஒற்றை அறை வீடு, கூட்டுறவுக் கட்டடம், விற்பனைக்கு. மழை விட்டும் நான் நகரவில்லை. படத்தில் அப்படியொரு அறை. லேசாக இழுத்தால் சுவரிலிருந்து இறங்கும் கட்டில். அடுப்படிக்குத் தனிச் சன்னல். நூறு வருஷத்துப் பளிங்குக் கணப்பில் கீறல்கூட விழவில்லை. புதுப்பித்தவன் மகராசன், கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைக்கவில்லை.

2

தொடக்கம்: "ஓடெட் தன் வாழ்நாளில் ஒருநாளும் தனியாக ஒரு..."

வேண்டாம். வந்ததும் வராததுமாக உங்களை அழவைக்க நான் யார்?

இன்னொன்று: ஓடெட் ஹெய்ட்டிக்காரி, மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். சின்ன வயதில் அக்கா தங்கைகளோடு ஒரே அறை. பிறகு கணவன், பிள்ளைகள், படுக்கையில் கிடந்த மாமியார். இப்போது மகன் வீட்டில் பேரக் குழந்தைகளோடு படுக்கை. அந்த அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இதுதான்," என்றாள்.

தரகர் மர்ரே திகைத்தார். "இன்னும் நாலு வீடு காட்டணும்னு சாப்பிடாம வந்திருக்கேன்."

"அப்ப போய்ச் சாப்பிடு."

(இவளை ரொம்ப நல்லவளாக எழுதுகிறேனோ என்று சந்தேகம். பேரனைச் சேர்த்துக்கொள்ளாமல் தனியாகப் போகிறவள் நல்லவளா? எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. அவ்வளவுதான்.)

3

பணம் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்களின் குழு நேரில் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது மர்ரே பாடம் நடத்தினார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில். எதையாச்சும் மாத்துவீங்களான்னு கேப்பாங்க. மாட்டேன்னு சொல்லுங்க. போன தடவை இடிச்ச தூசியையே இன்னும் துடைச்சிக்கிட்டிருக்காங்க."

"பொணம் மாதிரி உக்காரணும்ங்கிற?"

"பொணத்தை உடனே சேத்துக்குவாங்க. சத்தம் போடாதில்ல."

(அடிக்குறிப்பு: குழு ஒருவரை வேண்டாமென்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கதை எழுதுகிறவனுக்கும் இந்தச் சலுகை உண்டு.)

4

மர்ரே கீழே காத்திருந்தார். மேலே குழுத் தலைவி திருமதி ஹாலிவெல் கேட்டார். அந்த அறைக்கு நேர் கீழ்வீடு அவருடையது.

"உள்ள ஏதாவது வேலை செய்யப்போறீங்களா?"

"மாட்டேன்" என்று ஓடெட் சொன்னதாகத்தான் முதலில் எழுதினேன். கதை அங்கேயே படுத்துவிட்டது. அடித்தேன். அவளையே பேசவிட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு. பாத்ரூம் கதவைக் கழட்டிடுவேன்."

"கதவையா?"

"நான் இருந்த வீட்ல எல்லாம் எனக்குன்னு தாப்பா போட முடிஞ்ச இடம் அது ஒண்ணுதான். அழணும்னாலும் அங்கதான், சும்மா உக்காரணும்னாலும் அங்கதான். அதையும் யாராவது தட்டிக்கிட்டே இருப்பாங்க. இங்க வாசக்கதவைச் சாத்தினா மொத்த வீடும் எனக்கு. அப்புறம் உள்ள எதுக்கு இன்னொரு கதவு?"

திருமதி ஹாலிவெல் பேனாவை மூடினார். "சொல்லி அனுப்பறோம்."

கீழே மர்ரே ஓடி வந்தார். "மாட்டேன்னுதானே சொன்னீங்க?"

"கிட்டத்தட்ட," என்றாள் ஓடெட்.

5

முடிவு அ: சேர்த்துக்கொண்டார்கள். கழற்றிய கதவைத் திருமதி ஹாலிவெல்லே ஒரு பக்கம் பிடித்து...

முடிவு ஆ: மறுத்துவிட்டார்கள். ஓடெட் அந்தத் தெரு வழியாக இனி ஒருநாளும்...

இரண்டையும் அடித்துவிட்டேன். முதலாவதை நானே நம்பவில்லை. இரண்டாவதை எழுத மனசு வரவில்லை.

அவள் இப்போது மகன் வீட்டில், தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எங்கே என்று உங்களுக்குத் தெரியும். வெளியே பேரன் தட்டுகிறான்.

நானும் இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் எனக்குத் தாழ்ப்பாள் அது ஒன்றுதான். தட்டுகிறார்கள், எழுந்தாக வேண்டும். இனி குழு நீங்கள்தான். காரணம் சொல்ல வேண்டாம். ஆனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள், அவளால் ரொம்ப நேரம் அங்கே