சவரியின் பிலிமில் தண்ணீர்

சவரி படமெடுத்தால் வறண்ட கிணற்றிலும் தண்ணீர் தெரியும். தர்மபுரி தனி மாவட்டமான மறுவருஷப் பஞ்சத்தில்தான் இது வெளியே வந்தது. கம்பைநல்லூருக்குத் தெற்கே, தன் பங்குக்கு வந்த அரை ஏக்கரை விற்றுப் பழைய பதினாறு எம்.எம். கேமரா ஒன்றை வாங்கியிருந்தான். படமெடுக்கச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை. பஞ்சத்தைக் கண்ணால் காட்டினால் ஊருக்கு நிவாரண ரோடு வேலை கிடைக்கும் என்று அவனாகவே நினைத்துப் பதினொரு கிணறுகளை எடுத்தான். அதே ஊர்க் குள்ளம்மாள் தன் கிணற்றில் அரைக்குடம் சேறு இறைத்ததை இரண்டு முறை எடுத்தான். பிலிம் பெங்களூரில் கழுவி வந்தது. போட்டுப் பார்க்க அவனிடம் புரொஜெக்டர் இல்லை. நிவாரண அதிகாரியின் ஆபீசில் இருந்தது. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி அங்கேயே போட்டார்கள். பதினொரு கிணறும் மேல்படி வரை ததும்பின. குள்ளம்மாளின் குடம் வழிந்தது.

"தண்ணியை வெச்சுக்கிட்டா மனு போடறீங்க?" என்று அதிகாரி நிவாரணப் பட்டியலில் ஊரின் பெயரை அடித்துவிட்டார்.

கழுவிய இடத்தில் பிலிம் மாறிவிட்டதோ என்று சவரி சந்தேகப்பட்டான். ஆனால் படத்தில் இருந்தது குள்ளம்மாளேதான், அவளுடைய கிழிந்த ரவிக்கையேதான். பிறகு தன் கண்ணையே சந்தேகப்பட்டு அவள் கிணற்றில் கல்லைப் போட்டுப் பார்த்தான். கல் பாறையில் பட்டு உடைந்தது.

"ஏன்டா சவரி, அந்த ஆபீசரு உனக்கு மாமனா, மச்சானா?" என்றார் ஊர்ப் பெரியதனக்காரர் பெரியண்ணன்.

குள்ளம்மாள் குடத்தை அவன் காலடியில் வைத்தாள். "என் கெணத்துல நீ கண்ட தண்ணிய இதுல ஊத்துடா, குடிச்சுப் பாக்கறேன்."

அந்த வாரமே மூன்று குடும்பங்கள் காப்பித் தோட்டத்துக்குப் பஸ் ஏறின. ரோடு வேலை வராவிட்டால் மற்றவர்களும் போய்விடுவார்கள்.

சவரி மறுபடி அதிகாரியிடம் போனான். "உங்க வேலையும் படத்துல வரணுமுங்க." அதிகாரி தலை வாரிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று வாரம் கழித்துப் பிலிம் கழுவி வந்ததும் கறுப்புத் துணி கட்டினார்கள். சுவரில் அதே அறை, முழங்கால் தண்ணீர். மனுக்கள் மிதந்தன. பியூன் பச்சியப்பன் டீயோடு நீரைத் தள்ளிக்கொண்டு வந்தான். முத்திரை மைப்பெட்டிமேல் தவளை இருந்தது. அதிகாரி நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கைப் போட்டு மேஜைக்கடியில் குனிந்து பார்த்தார் அதிகாரி. தரை காய்ந்திருந்தது. "இதை யாருக்குக் காட்டப் போறே?"

"மெட்ராஸ்ல கேட்டிருக்காங்க. ரெண்டையும் சேத்துத்தான் அனுப்போணுமுங்க." யாரும் கேட்டிருக்கவில்லை.

அதிகாரி அடித்த பெயரைப் பட்டியலில் மறுபடி எழுதினார். மறு திங்கள் ரோடு வேலை தொடங்கியது. முதல் ஆளாகக் கல் உடைக்கப் போனாள் குள்ளம்மாள். கேமராவோடு வந்த சவரியைப் பத்தடி தள்ளியே நிற்கச் சொன்னாள். அவன் மேலும் பன்னிரண்டு வருஷம் தீர்த்தமலை முதல் மாரண்டஹள்ளி வரை படமெடுத்தான். தண்ணீர் ஒரு தரமும் தவறவில்லை. நிவாரண ஆபீசில் நான்கு அதிகாரிகள் மாறினார்கள். அலமாரியில் முழங்கால் உயரத்துக்குக் கீழிருந்த இரண்டு தட்டுகளில் எவரும் கோப்பு வைக்கவில்லை.