கொரோனாவை வென்ற வளாகம்

எங்கள் கல்லூரி மூடிக் கிடந்த காலத்தில்தான் அங்கே அதிகமான நிகழ்ச்சிகள் நடந்தன. நம்பிக்கை இல்லையென்றால் எங்கள் செய்தி மடலைப் புரட்டிப் பாருங்கள். மாதம் தவறாமல் வந்தது. அதன் ஆசிரியர் நான்தான். பெயர் கோகிலவாணி, தமிழ்த் துறை விரிவுரையாளர். கொல்லிமலையில் செம்மேட்டுக்கும் சோளக்காட்டுக்கும் நடுவே ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்னக் கல்லூரி எங்களுடையது. சாதாரண வருடத்தில் அங்கே செய்தி என்று ஒன்று இருந்தால் அது பஸ் வராத செய்தியாகத்தான் இருக்கும். கொரோனா வந்து கதவைச் சாத்தியதும் எங்களுக்கு எங்கிருந்தோ சுறுசுறுப்பு வந்துவிட்டது.

யோகா தினத்தன்று கல்லூரி முதல்வர் அருணாசலம் நாமக்கல்லில் தன் வீட்டு மொட்டை மாடியில் ஒற்றைக் காலில் நின்றார். அவர் மனைவி படம் எடுத்து அனுப்பினார். ‘மாணவ மாணவியர் திரளாகப் பங்கேற்றுப் பயனடைந்தனர்’ என்று போட்டோம். இணையவழிக் கருத்தரங்கில் பேச வந்தவருக்கு நடுவில் நெட் போய்விட, அவருடைய திறந்த வாய் மட்டும் வெகுநேரம் திரையில் நின்றது. அதற்கு ‘சிந்தையைத் தூண்டும் உரை’ என்று தலைப்பு. மரம் நடு விழாவைக்கூட இணையத்தில்தான் நடத்தினோம். சுற்றிலும் காடு, நடுவே உட்கார்ந்துகொண்டு திரையில் மரம் நட்டோம்.

இதிலெல்லாம் ‘திரளாகப் பங்கேற்ற’ பிள்ளைகளில் பாதிப் பேரின் ஊரில் டவரே கிடையாது. எங்கள் தமிழ்த் துறை இறுதியாண்டு மாணவி சுகுணா மலைக்குள்ளேயே குண்டூர் நாடு என்னும் ஊர்த் தொகுதியில் ஒரு மூலையில் இருந்தாள். வகுப்பு நடக்கும்போது அவள் மிளகுத் தோட்டத்துக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நிற்பாள். நான் பேசுவதில் நாலு வார்த்தைக்கு ஒன்று அவளுக்குக் கேட்கும். மழை வந்தால் அதுவும் இல்லை. கல்லூரிக்கு ஒரு நெட் இணைப்பு வந்தால் பிள்ளைகள் ஆளுக்கொரு நாள் வந்தாவது படிக்கலாமே என்று முதல்வரிடம் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்.

“அடுத்த மாசம் வந்துருமுங்க மேடம்,” என்பார். எந்த மாதம் கேட்டாலும் அடுத்த மாதம்தான்.

இரண்டாம் அலையில் எங்கள் விடுதியைக் கொரோனா சிகிச்சை மையமாக எடுத்துக்கொண்டார்கள். தினமும் கணக்கு அனுப்ப வேண்டுமே, அதற்காக நெட் வயர் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்காக வருடக் கணக்கில் அசையாத அந்த வயர், காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் கடந்து ஒரே வாரத்தில் மேலே வந்து சேர்ந்தது. மையம் திறந்த செய்தியைப் போட்டோம். வயர் வந்த செய்தியை முதல்வர் வேண்டாம் என்றார். போட்டால் பிள்ளைகள் கேட்பார்களாம்.

மூன்றாவது வாரம் சுகுணாவுக்குத் தொற்று. ஊரில் நடந்த முகாமில் சளி எடுத்து, வேனில் ஏற்றி, அவள் படிக்கும் கல்லூரியின் விடுதிக்கே கொண்டுவந்து விட்டார்கள். செய்தி கேட்டதும் இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விடுதியின் பின்பக்கம் போய் ஜன்னலுக்கு எட்டி நின்று கூப்பிட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ், இங்க நெட்டு நிக்காம வருதுங்க,” என்றாள். மூன்று வருடத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“அது கெடக்குதுங்க மிஸ். நீங்க அனுப்பின பாடமெல்லாம் இப்பத்தானுங்க எறங்குது. ஒவ்வொண்ணா கேட்டுட்டிருக்கேன்.”

இறுதிப் பருவத் தேர்வுகள் அப்போதுதான் தொடங்கின. காலையில் பத்து மணிக்குக் கேள்வித்தாளை இணையத்தில் போடுவார்கள். ஒன்றரை மணி நேரம் வெள்ளைத் தாளில் எழுதி, படம் எடுத்து, அதற்கடுத்த அரை மணிக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் வரவில்லை என்று அர்த்தம். சுகுணா ஒவ்வொரு தாளையும் காய்ச்சலோடு கட்டிலில் உட்கார்ந்தே எழுதிவந்தாள். பக்கத்து அறையில் காரவள்ளி ஜாபர் உசேன் பாய் இருந்தார். மிளகு வாங்க சோளக்காட்டுக்கு ஏறி வந்தபோது பரிசோதனையில் மாட்டிக்கொண்டவர். தேர்வு நேரத்தில் அவர்தான் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. அவர் கண்ணுக்குப் பயந்து மற்ற நோயாளிகள் தலையணையில் வாயைப் புதைத்துக்கொண்டு இருமினார்கள்.

கடைசித் தாள் இதழியல். அது மட்டும்தான் பாக்கி. அதில் தேறினால் பி.எட். சேரலாம் என்று அவள் அப்பா சம்மதித்திருந்தார். தவறினால் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கும் வேன். அவள் அக்காவை ஏற்றிக்கொண்டு போன அதே ஏஜென்ட் ஏற்கெனவே இரண்டு தடவை வீட்டுக்கு வந்து போயிருந்தார். அப்பா மூன்றாவது தடவைக்குத் தலையாட்டிவிடுவார் என்று சுகுணாவுக்குத் தெரியும்.

இந்த இடத்தில்தான் எங்கள் தாளாளருக்கு ஒரு யோசனை வந்தது. விடுதியில் இருந்தவர்கள் எல்லாரும் தேறிவந்த நேரம். அத்தனை பேரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பி, ‘கொரோனாவை வென்ற வளாகம்’ என்று ஒரு விழா எடுத்து, நேரலையாகக் காட்டிவிட வேண்டும். அவருடைய சோதிடர் வெள்ளிக்கிழமை காலை பத்து மணியை எடுத்துக் கொடுத்தார். இதழியல் தேர்வும் அதே வெள்ளி, அதே பத்து மணி.

நான் முதல்வரிடம் ஓடினேன்.

“சார், சுகுணாவை மட்டும் விட்டுடுங்க. அவ ரூமுலயே இருந்து எழுதிட்டு மத்தியானமாப் போகட்டும்.”

“அதெப்படிங்க மேடம்? இருக்கற நோயாளியில நம்ம ஸ்டூடண்ட் அவ ஒருத்திதான். அவதான் செய்தியே. அவளை மேடையில உக்கார வெக்கணும்னு தாளாளரே சொல்லிட்டாருங்க.”

“அப்ப விழா முடிஞ்சதும் விடுதியில உக்காந்து மிச்ச நேரத்துல எழுதட்டும்.”

“விழா முடிஞ்சா அவ நோயாளி இல்லீங்களே. ஸ்டூடண்ட் ஆயிருவா. ஸ்டூடண்டை வளாகத்துக்குள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்க.”

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளை எங்கள் கல்லூரிக்குள் இருக்க வேண்டுமென்றால் அதற்கு நோய் இருக்க வேண்டும். குணமானால் வெளியே போய்விட வேண்டும். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது.

“ஏனுங்க மேடம், பரீட்சை தவறினா அரியர் எழுதிக்கலாம். விழாவுக்கு அரியர் கெடையாதுங்க,” என்று முடித்துவிட்டார்.

டாக்டரிடம் போய், “எனக்கு இன்னும் வாசனை தெரியலைங்க சார்,” என்று சுகுணா சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவர் ஒரு சோப்புக் கட்டியை நீட்டியிருக்கிறார். இவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, மூக்கைச் சுளித்துவிட்டாள். செம்மேட்டில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகலாம் என்றால் அதற்கும் முதலில் விழாவை விட்டுக் கிளம்ப வேண்டும். வீட்டுக்காரம்மா வேறு, நான் விடுதிப் பக்கம் போய்வருவது தெரிந்து என்னையே பின்வாசல் வழியாகத்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடுதி முன்னால் ஷாமியானா. குணமானவர்கள் கையில் ஆளுக்கொரு ஆப்பிள். மேடையில் தாளாளர், முதல்வர், டாக்டர், ஓரத்தில் பொன்னாடை போர்த்திய சுகுணா. அவளுக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் ஒரு பெரிய பழத்தட்டு. நேரலைக்குப் போன் பிடித்து நிற்பது என் வேலை.

பத்து மணிக்கு வரவேற்புரையோடு விழா தொடங்கியது. சுகுணா பழத்தட்டுக்குப் பின்னால் போனை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கேள்வித்தாள் இறங்கவில்லை. இருந்த நெட் முழுவதையும் என் கையில் இருந்த நேரலை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு விழா எடுத்து, அந்த விழாவாலேயே அவள் படிப்பை முடித்துவைக்கிறோம். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கவனித்தேன். மூன்று பேர். அதில் ஒருவர் முதல்வரின் மனைவி. நேரலையை நிறுத்தினேன். போனை மட்டும் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சுகுணா குனிந்தாள். பொன்னாடைக்குள்ளிருந்து வெள்ளைத் தாள்கள் வெளியே வந்தன. எழுத ஆரம்பித்தாள்.

முதல்வர் பார்த்துவிட்டார். எழுந்து அவள் பக்கம் போக நாற்காலியை நகர்த்தினார். அதற்குள் தாளாளர் ஒலிவாங்கிக்கு வந்துவிட்டார். அவரும் பார்த்தார். அவர் முகம் விரிந்தது.

“பாருங்க. நான் வாயைத் திறக்கறதுக்கு முந்தியே ஒரு மாணவி குறிப்பெடுக்க ஆரம்பிச்சுட்டா. இதுதான் நம்ம கல்லூரியோட தரம்,” என்றார். “எழுதிக்கோ கண்ணு. நான் மெதுவாவே சொல்றேன்.”

முதல்வர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டார்.

எங்கள் தாளாளரின் பேச்சுக்குப் பயந்து தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி ஓடாத ஆசிரியர் யாரும் கிடையாது. நானும் ஓடியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அவர் வாய் ஓயக்கூடாது என்று குலதெய்வத்தை வேண்டினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார். கல்வி என்றார், நிறுத்தினார். ஒழுக்கம் என்றார், நிறுத்தினார். சுகுணாவின் பேனா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு மேலே போனார். அவள் அப்போது, செய்திக்கும் விளம்பரத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக என்ற கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தாளாம். பிற்பாடு சொன்னாள்.

மணி பதினொன்றாகும்போது தாளாளருக்கே மூச்சு வாங்கியது. “இத்துடன்” என்று ஆரம்பித்தார். எனக்குத் திக்கென்றது. நோயாளிகள் வரிசையில் இருந்து ஜாபர் உசேன் பாய் எழுந்தார்.

“ஐயா, நீங்க இந்தக் காலேஜைக் கட்டின கதையைச் சொல்லாம உட்டுட்டீங்களே. அதைக் கேக்கத்தானுங்க நாங்க வெயில்ல உக்காந்திருக்கோம்.”

அந்தக் கதை எவ்வளவு நீளம் என்று மலை முழுவதும் தெரியும். தாளாளர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, முதல் செங்கல்லில் இருந்து ஆரம்பித்தார். பாய் என் பக்கம் திரும்பி, ஒன்றும் அறியாதவர்போல் ஆப்பிளைக் கடித்தார்.

கட்டடம் எழும்பி முடிந்தபோது சுகுணாவும் எழுதி முடித்திருந்தாள். கைதட்டலுக்கு நடுவே தாள்களைப் படம் எடுத்தாள். ஏற்றத் தொடங்கிய அதே நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஏற்புரை. அது முடிந்தால் நாட்டுப்பண், உடனே வேன். எல்லாரும் வேனில் ஏறியதும் இணைப்பைத் துண்டிக்க ஆள் நின்றுகொண்டிருந்தது.

அவள் போனைக் கையோடு கொண்டுபோய் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் இந்தக் காலேஜுல மூணு வருசம் படிச்சேனுங்க. ஆனா நல்லாப் படிச்சது இங்க நோயாளியா இருந்தப்பத்தானுங்க.”

தாளாளர் தலையாட்டினார். அவள் போனைப் பார்த்தாள். இன்னும் ஏறவில்லை. பேச்சை நிறுத்த முடியாது.

“என்கூடப் படிக்கறவ கவிதா. இன்னைக்குப் பரீட்சைங்க. இந்நேரம் அவங்க ராகிக் காட்டுக்கு மேல பாறையில நின்னுட்டிருப்பா. கேள்வித்தாள் வந்திருக்காதுங்க. யுவராஜுக்குப் போன் இல்லீங்க. அவங்க மாமன் லாரியில திரும்பி வந்தாத்தான் போனு. மாதம்மாள் போன வருசமே மில்லுக்குப் போயிட்டா. ஆனா அவ கருத்தரங்குல கலந்துக்கிட்டான்னு செய்தி மடல்ல வந்துச்சுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. முதல்வர் இருமினார். அவள் மறுபடி போனைப் பார்த்தாள்.

“அவங்களுக்கெல்லாம் கொரோனா வரணும்னு வேண்டிக்கிறேனுங்க. பெருசா வேண்டாமுங்க. பரீட்சை எழுதற அளவுக்கு வந்தாப் போதும். அப்பத்தான் இங்க சேத்துக்குவாங்க, சோறு போடுவாங்க, நெட்டு குடுப்பாங்க. அப்புறமுங்க, நம்ம தாளாளர் ஐயா வந்து...”

போனைப் பார்த்தாள். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுக் கும்பிட்டாள். மேடையை விட்டு இறங்கி, என்னைத் தாண்டிப் போகும்போது, “ஏறிருச்சுங்க மிஸ்,” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தாளாளர்தான் முதலில் கைதட்டினார். அவர் காதில் விழுந்தது அவரைப் பற்றிய கடைசி இரண்டு வார்த்தைகள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அன்று மாலையே வயரைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கல்லூரிக்கு அது வேண்டும் என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை. வளாகத்துக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். முதல்வர் கூப்பிட்டு, இந்த மாத மடலில் விழாவுக்கு முதல் பக்கம் முழுவதும் ஒதுக்கச் சொன்னார்.

நான் அதற்கு என்ன எழுதுவது என்று உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே கவிதாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. பாறை மேல் நின்றுதான் பேசினாள்.

“மிஸ், விடுதியில நெட்டு நிக்காம வருதுன்னு சுகுணா சொன்னாளுங்க. அரியர் பரீட்சைக்குத் தேதி போட்டாச்சுங்களா?”

“இன்னும் இல்லம்மா.”

“போட்டதும் சொல்லுங்க மிஸ். அப்படியே சளி எடுக்கற கேம்ப் எந்த ஊர்லன்னும் கேட்டுச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள எங்கயாச்சும் போயி நோயை ஒட்ட வெச்சுக்கிட்டு வந்தர்றேனுங்க.”