மூன்றாவது ஸ்க்ரூ

சின்னவன் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி மாட்டிய கார் கதவு லாக்கை அக்கா ஐந்தே நிமிடத்தில் கழற்றிக் கீழே வைத்தாள்.

“என்னக்கா பண்ற?”

“இது டூப்ளிகேட்.”

“தெரியும். கடையில இதுதான் இருக்கு. மாட்டி, கதவ ஒரு தடவ சாத்திக் காட்டினா கார் முடிஞ்சுதுன்னு அண்ணன் நிம்மதியா போவான். தலையத் தூக்கிப் பாக்கக்கூட முடியாதவனுக்கு எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?”

“பாக்க முடியாதுடா. காது கேக்குதே.”

ஷெட்டுக்கும் நடுத்தம்பி படுத்திருந்த அறைக்கும் இடையில் ஒரு நிலைப்படிதான். அங்கிருந்த கதவு பத்து நாளாகத் திறந்தே கிடந்தது. காலையில் வந்த நர்ஸ் அவன் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே ஆயிடலாம், கூடவே இருங்க” என்று அக்காவிடம் மட்டும் சொல்லிப் போயிருந்தாள்.

தெருவில் அவனுக்கு ‘ஒரிஜினல்’ என்றே பெயர். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அக்காவோடு இருந்துவிட்டவன். பழைய இரும்புக் கடையில் எலும்புக்கூடாகக் கிடந்த அந்த நீலக் காரை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கி வந்தான். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அப்படியே அது நிற்க வேண்டும். ஒரு கைப்பிடிக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தான். முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினான்.

அக்கா தையற்காரி. இருக்கை உறை தைத்தது அவள்தான். மூன்று முறை பிரிக்க வைத்தான். “அங்குலத்துக்கு ஏழு தையல்க்கா. நீ எட்டு போட்டிருக்க.”

“உக்கார்றவன் எண்ணிப் பாத்துட்டாடா உக்காரப் போறான்?” என்று கத்தினாள். கத்திக்கொண்டேதான் பிரித்தாள்.

இப்போது பாக்கி இருந்தது ஓட்டுகிற பக்கத்துக் கதவின் லாக் ஒன்றுதான். ஒரிஜினலுக்குள் பித்தளை நாக்கு இருக்கும். கதவைச் சாத்தினால், தடித்த புத்தகத்தை மேஜையில் வைத்ததுபோல ‘தப்’ என்று ஒலிக்கும். டூப்ளிகேட் வெறும் தகரம், தட்டு விழுந்த மாதிரி கத்தும். மற்ற மூன்று கதவுகளின் சத்தமும் தையல் மெஷின் ஓட்டத்துக்கு நடுவிலேயே அவள் காதில் ஊறியிருந்தது. அவனுக்கு எப்படி ஊறியிருக்கும்!

ஊரில் இதே கார் இன்னொரு மனிதரிடம் மட்டும் இருந்தது. பல் டாக்டர். ஒரு காலத்தில் அவரும் நடுத்தம்பியும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். எட்டு வருஷமாகப் பேச்சு இல்லை. அக்கா போனை எடுத்தாள்.

“பழைய கார் கண்காட்சியில, அத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கினவன் அவன். ஞாபகம் இருக்கா?” என்றார் டாக்டர்.

“இருக்கு டாக்டர். நீங்க வேற வண்டி என்ஜினப் போட்டுட்டு ஒரிஜினல்னு எழுதிக் குடுத்தீங்க. அவன் சொன்னது நிஜந்தானே?”

சின்னவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“உதவி கேக்கறப்பகூட விட்டுக்குடுக்க மாட்டீங்களா?” என்றார் டாக்டர். “அக்காவும் தம்பியும் ஒரே அச்சு. வாங்க.”

அவள் கட்டிலருகே போய்க் குனிந்தாள். “பல் டாக்டர்கிட்ட லாக் வாங்கப் போறேன்டா. போகவா, இங்கயே இருக்கவா?”

அவன் கண்ணைத் திறந்தான். வார்த்தை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“ஸ்க்ரூ... மூணும் சேத்து வாங்கு. ஸ்டார் தலை வேணாம். ஒத்தக் கோடு போட்ட மைனஸ் தலை.”

“சரிடா. ஸ்டார் ஸ்க்ரூவ வீட்டு வாசப்படியே மிதிக்க விடமாட்டேன், போதுமா?”

அவன் உதடு ஓரமாக நெளிந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் ஒரு நோயாளியை வாயில் பஞ்சோடு நாற்காலியில் விட்டுவிட்டு, பின்பக்கம் அவளை அழைத்துப் போனார். அவரிடம் உபரி லாக் எதுவும் இல்லை. தன் காரின் கதவைத் திறந்து, வெள்ளைக் கோட்டோடு மண்டியிட்டு, அதிலிருந்தே கழற்றினார்.

“ஸ்க்ரூவும் கேட்டானா?”

“மூணும்.”

டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தவர், வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு காரின் கதவைப் பேண்டேஜ் துணியால் கட்டிவிட்டு, “ஏறுங்க, நானும் வர்றேன்” என்றார்.

வீட்டில் சின்னவன் அண்ணன் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மூச்சு விட்டு விட்டு வந்தது.

“அக்கா, வந்து உக்காரு. நேரமில்ல.”

நிலைப்படியில் ஒரு கணம் நின்றாள். உள்ளே போனால் மறுபடி எழுந்து வரமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்தது. “இதோ வந்துட்டேன்டா” என்றாள், கட்டிலைப் பார்த்து. காரிடம் திரும்பினாள்.

டாக்டர் லாக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதல் ஸ்க்ரூ ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது விரலிலிருந்து நழுவி, தரையில் குதித்துக் காருக்கு அடியில் உருண்டது. டாக்டர் கோட்டோடு மல்லாந்து உள்ளே புகுந்து தேடி எடுத்துக் கொடுத்தார். அக்கா அதையும் கடைசிச் சுற்று வரை முறுக்கினாள். எழுந்தாள். கதவைச் சாத்தினாள்.

தப்.

சின்னவன் நிலைப்படிக்கு வந்து நின்றான்.

“கேட்டுச்சுக்கா அவனுக்கு. லேசா சிரிச்சான். அதுக்கப்புறந்தான்...”

அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துப் பேசினான். அக்கா ஸ்க்ரூடிரைவரைப் பெட்டியில் வைத்தாள்.

“நிஜத்தச் சொல்லுடா.”

“அக்கா...”

“சொல்லு.”

“ஸ்க்ரூ கீழ விழுந்துச்சே. அப்ப.”

அவள் தலையை ஆட்டினாள். “சரி” என்றாள். உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து அவன் கண்களை மூடினாள். திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். விரல் கிரீஸ் வெள்ளைச் சட்டையில் ஒட்டியதை அப்புறந்தான் கவனித்தாள். துடைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உட்கார இடமில்லை. காரை வெளியே தள்ளுவதைத் தவிர வழி இல்லை என்றான் சின்னவன். அக்கா மறுபக்கக் கதவு வழியாக ஏறி, நீள இருக்கையில் நகர்ந்து போய் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். டாக்டரும் சின்னவனும் இன்னும் நாலு பேரும் தள்ளினார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கார் வெயிலுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் தன் சைக்கிளை நகர்த்தி இடம் விட்டார். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

டாக்டர் வந்து, அவள் இறங்குவதற்காக ஓட்டுகிற பக்கத்துக் கைப்பிடியில் கை வைத்தார்.

“அது சாத்தினபடியே இருக்கட்டும் டாக்டர்” என்று சொல்லிவிட்டு, வந்த வழியாகவே நகர்ந்து இறங்கினாள்.

ஷெட்டுக்குள் கார் நின்ற இடம் மட்டும் எண்ணெய்க் கறைகளோடு கறுத்த நீள்சதுரமாகத் தெரிந்தது. சின்னவன் அதை மிதிக்காமல், அதைச் சுற்றிலும் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தான்.