போகாத பயம்

முதலில் மக்கர் செய்தது குளியலறைக் கதவு. தாழ்ப்பாள் அதன் ஓட்டையில் போய் உட்காரவில்லை. மழைக்காலத்தில் மரம் உப்புவது வழக்கம்தான் என்று தையல்காரி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் மழையே பெய்திருக்கவில்லை. அடுத்து ஜன்னல் இறுகியது. பிறகு ஒருநாள், மிஷின் பலகையில் வைத்த நூல்கண்டு யாரும் தொடாமலே சுவர்ப்பக்கம் உருண்டுபோய்க் கீழே விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடியும் அதே பக்கம் உருண்டது.

அவள் வீடு முதல் மாடியில். பள்ளிச் சீருடைகளை வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். கணவன் லாரி ஓட்டுபவன். கிளம்பினால் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒரே மகள், ஒன்றாம் வகுப்பு. இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் அவர் மனைவியும். உச்சியில் கட்டடத்தின் சொந்தக்காரர், தனியாள். தரைத்தளத்தில் காலியாகக் கிடந்த இரண்டு கடைகளை ஒரே பெரிய கடையாக்க, அவர் நடுச்சுவரை இடித்துக்கொண்டிருந்தார். காலையில் டிரில் மிஷின் போட்டால் அவள் வீட்டுப் பாத்திரமெல்லாம் கிடுகிடுவென ஆடும்.

மாடிப்படியில் அவரை மடக்கிக் கேட்டாள். "சார், கதவு ஜன்னலெல்லாம் இறுகுது. கீழ இடிக்கறதாலயா?"

"அது சும்மா தடுப்புச் சுவரும்மா. உன் தலைமேலதான் நானும் படுத்துத் தூங்கறேன். எனக்கு உயிர் மேல ஆசை இல்லையா என்ன?"

அதற்கு மேல் என்ன கேட்பது? ஆனாலும் பயம் விடவில்லை. சோறு இறங்கவில்லை. தூங்கும் மகளின் மேல் கையைப் போட்டுக்கொண்டு கூரையையே பார்த்துக் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை சபையார் ஒருவர் வீட்டில் நடந்த ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். "வீட்டுக்குள்ள இருக்கவே பயமா இருக்கு. காரணம் சொல்லத் தெரியல."

சபையில் எல்லோரும் பாட்டக்கா என்று கூப்பிடும், கணீர்க் குரலில் பாடும் பெண்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "விசுவாசிக்கு எதுக்கும்மா பயம்? இது பிசாசு விதைக்கறது. இடம் கொடுக்காத." சுற்றி நின்று, தலையில் கை வைத்து, பயத்தின் ஆவியைக் கடிந்து உருக்கமாக ஜெபித்தார்கள். போதகரின் மனைவி பாஸ்டரம்மா மட்டும் சற்றுத் தள்ளி நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் நம்பித்தான் வீடு திரும்பினாள். முன்பு ஒருமுறை கணவனின் லாரி கவிழ்ந்தபோது, ஆஸ்பத்திரி நாற்காலிகளுக்கு நடுவே முழங்கால் போட்டிருக்கிறாள். அவன் பிழைப்பானா என்றே தெரியாத நேரம். குளிரில் யாரோ போர்வை போர்த்திவிட்டதுபோல ஓர் அமைதி வந்தது. அன்றிலிருந்து அவளுக்கு இயேசு பழக்கப்பட்டவர். கூப்பிட்டால் வருவார்.

இந்த முறை வரவில்லை. கதவைத் திறந்ததும் பயம் அங்கேயே, வீட்டு ஆள்போல உட்கார்ந்திருந்தது. சுவர் பயத்தைவிட, அவர் வரவில்லையே என்ற பயம் பெரிதாகிவிட்டது. தன்னிடம் ஏதோ குறை, அவர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மகளைப் பள்ளியில் விட்டுவந்து வேலையில் உட்கார்ந்தாள். தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் மேல் மாவு சலித்ததுபோலத் தூசி விழுந்தது. தட்டிவிட்டாள். காலர் வைப்பதற்குள் மறுபடி விழுந்தது. துணியைப் போட்டுவிட்டு மிஷின் பக்கத்திலேயே மண்டியிட்டாள்.

"ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துப்போடும். என்னால முடியல."

ஒன்றும் நடக்கவில்லை. தரை மட்டும் முழங்காலுக்கடியில் நடுங்கியது. காய்ச்சல்காரன் உடம்புபோல, மெல்ல, விடாமல். டிரில்தானே என்று நினைத்தவளுக்குச் சட்டென்று உறைத்தது: டிரில் சத்தமே இல்லை. ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டிருந்தார்கள்.

"எடுக்க மாட்டீர்னா, இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்?" என்று வாய்விட்டே கேட்டாள். வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. மேலே கணக்கு வாத்தியார் இருமினார். அவ்வளவுதான். ஆனால் அந்த இருமலைக் கேட்டதும், மேலே இரண்டு உயிர் உட்கார்ந்திருக்கிறது என்பது அவளுக்கு முகத்தில் அறைந்ததுபோல் தெரிந்தது. எழுந்து ஓடினாள்.

"சார், கீழ வாங்க. அம்மா, நீங்களும் வாங்க. இப்பவே. இந்தக் கட்டடத்துல இருக்க வேணாம்."

"கட்டடத்துக்கு என்னம்மா?" என்றார் வாத்தியார்.

"தெரியல சார். எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான் சொல்லத் தெரியுது."

வாத்தியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அதற்குள் அவர் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும்தான் பொட்டுத் தூக்கம் இல்ல. சொன்னா இவர் கிண்டல் பண்ணுவார்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

"இரண்டு ஓட்டு விழுந்துடுச்சு. நான் தோத்தேன்," என்று வாத்தியார் கைத்தடியை எடுத்தார்.

சொந்தக்காரர் பிடிகொடுக்கவில்லை. அவள் கதவை விடாமல் தட்டியதில் கோபம் தலைக்கேறி, நாலு பேர் முன்னால் கேட்டுவிடுகிறேன் என்று பின்னாலேயே இறங்கி வந்தார். டீக்கடையிலிருந்து வேலையாட்களும் திரும்பினார்கள். பாதி ஏற்றியிருந்த கடை ஷட்டருக்கு முன்னால் அவள் கையை விரித்து நின்றாள்.

"மூளை கலங்கிடுச்சா உனக்கு?" சொந்தக்காரர் கத்தினார்.

"தள்ளும்மா, வேலை கெடுது," என்றார் மேஸ்திரி.

"உள்ள போகாதீங்கண்ணே. உங்க வீட்ல பிள்ளைங்க இருப்பாங்க இல்ல," என்றபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுகிற பெண்ணைத் தள்ளிவிட்டுப் போக மேஸ்திரிக்கு மனம் வரவில்லை. போலீஸைக் கூப்பிடு என்றார் ஒருவர். எதிர்க் கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து வேடிக்கை பார்த்தார்.

வெயில் ஏறியது. கட்டடம் அசையாமல் நின்றது. யாரோ சிரித்தார்கள். கணவனுக்குப் போன் செய்தாள். அவன், "ஊர் சிரிக்க வெச்சிட்டியா? மரியாதையா மேல போ," என்று வைத்துவிட்டான். உண்மையிலேயே மூளை கலங்கிவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் தட்டியது.

எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் எழுந்தார். "மாத்திரை போடற நேரம்மா. எடுத்துட்டு வந்துடறேன்." படிக்கட்டை நோக்கி நடந்தார். அவள் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் விடவில்லை. இழுத்துப் பிடித்தபடி தெருவுக்கே கொண்டுவந்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். தடித்த துணியை இரண்டு கையாலும் கிழிப்பதுபோல நீளமாகக் கேட்டது. மேஸ்திரி, "ஓடுங்க," என்றார். படிக்கட்டுப் பக்கம் அப்படியே மடிந்து உட்கார்ந்தது. அதன் மேல் அவள் வீடு, வாத்தியார் வீடு, சொந்தக்காரர் வீடு. தெரு முழுக்கப் புழுதி. பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியவில்லை. புழுதி அடங்கியபோது மேஸ்திரி காலில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. சொந்தக்காரர் நடைபாதையில் உட்கார்ந்து, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபை மண்டபத்தில் வீடிழந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். பாட்டக்கா கண்ணீரோடு வந்து கட்டிக்கொண்டார். "உன் விசுவாசம் பெருசும்மா."

"இல்லக்கா. அன்னைக்கு எனக்கு விசுவாசம்னு ஒண்ணுமே இல்ல. பயம் மட்டும்தான். எடுத்துடுங்கனு கெஞ்சினேன். அவர் எடுக்கல."

பாய் விரித்துக்கொண்டிருந்த பாஸ்டரம்மா நிமிர்ந்து, "அப்ப நாம ஜெபிச்சது நடக்காம போனதுக்கு இன்னைக்கு ஸ்தோத்திரம் சொல்லிடலாம்," என்றார். மூவரும் அங்கேயே தரையில் உட்கார்ந்தார்கள். கைவிடப்பட்டவளாக அவள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அவ்வளவு நாளும் பயத்துக்குப் பக்கத்திலேயே இயேசுவும் உட்கார்ந்திருந்திருக்கிறார் என்று மட்டும் பட்டது.

மறுநாள் கணவன் வந்தான். இடிபாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டான். அவன் மன்னிப்புக் கேட்கும் விதமே அதுதான்.

மாதக் கடைசியில் வேறு வீடு கிடைத்தது. முதல் நாள், புதிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள், "அம்மா, இதுவும் விழுமா?"

விழாது என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"தெரியாதுடா. விழற மாதிரி இருந்தா அம்மாவுக்குப் பயம் வரும்."

"இப்ப வருதா?"

அவள் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. அது எப்போதும் இருக்கும்போல.

"வீட்டை விட்டு ஓடற அளவுக்கு இல்ல," என்றாள்.

மகளுக்கு அது போதுமாக இருந்தது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறையைப் பார்க்கப் போனாள்.